கட்டியை எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கீமோ?

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து பதினோராவது நாள். குடியாத்தத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்குளிலிருந்து வரும் ட்யூபும் அதன் முனையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு துணிப்பையில், தோளில் தொங்கின. தினமும் காலையில் அந்த டப்பாவில் சேர்ந்த நீரை அளந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதுவாள்: 60, 45, 30. அன்றுதான் ஆபரேஷனில் எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு), மாத்திரை மூன்றும் சொல்லியிருக்கிறார் என்றதும் அம்மா கேட்டாள்: "கட்டியத்தான் எடுத்துட்டாங்கல்ல, அப்புறம் இன்னாத்துக்கு கீமோ?"

இந்தக் கேள்வியை வேலூரில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பார்கள். அதைக் கேட்பது அறியாமை இல்லை. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் ஆபரேஷனுக்குப் பின் வரும் எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதற்கான பதிலை யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னால் பாதி பயம் போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கையில் தட்டுப்படும் அளவுக்கு அது வளர்வதற்குள் சில செல்கள் ரத்தத்தோடு கிளம்பி எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ போய் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காமலும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஒரு மூலையில் கூடிக் கிடந்தாலும் எந்த ஸ்கேனும் அவற்றைக் காட்டாது. "பெட் ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிடுமே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சத்தைக் குறிவைத்துத்தான் ஆபரேஷனுக்குப் பிந்தைய சிகிச்சை தரப்படுகிறது. அந்த மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய சங்கடம்.

நூறு வருஷத்துக்கு முன் இந்தப் பிரச்சினைக்கு மருத்துவர்கள் கண்ட வழி இன்னும் அகலமாக வெட்டுவது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையும் அக்குள் நெறிக்கட்டிகளும் சேர்ந்து போய்விடும். ஏறக்குறைய 70 ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டியும் பல பெண்களுக்கு வேறு உறுப்பில் நோய் வந்தது. எவ்வளவு வெட்டினோம் என்பதில் விஷயம் இல்லை, வெட்டுவதற்கு முன்பே செல்கள் வெளியே போய்விட்டன என்று பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவர் வாதாடினார். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்த பெண்களும் மார்பகத்தையே எடுத்த பெண்களும் ஒரே அளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று அவருடைய குழுவின் ஆய்வு 1985இல் காட்டியது. 2002இல் வெளியான 20 ஆண்டு முடிவும் அதையே உறுதிசெய்தது. இதற்கு நடுவில் 1976இல், இத்தாலியின் மிலன் நகரில் பொனடோனாவின் குழு, ஆபரேஷனுக்குப் பின் கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டியது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்படும் சிகிச்சை வரிசை இங்கிருந்து வந்ததுதான்.

சரி, எல்லாருக்கும் எல்லாமும் வேண்டுமா?

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பெஞ்ச். வேலூரில் புற்றுநோய் ஓ.பி.க்கு வெளியே அக்காவும் நானும் டோக்கனோடு காத்திருந்தோம். பக்கத்தில் பெங்காலிக் குடும்பம் ஒன்று. கொல்கத்தா பக்கத்திலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, காந்தி ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, மாசக்கணக்கில் வைத்தியம் பார்ப்பவர்கள் இங்கே எப்போதும் உண்டு. இன்னொரு பக்கம் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, வயது 68. ஷூ கம்பெனியில் பல வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து ஓய்ந்தவர். அவருக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆனால் கீமோ வேண்டாம், மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதில் சந்தோஷப்படவில்லை. "எங்கிட்ட காசு இல்லன்னு தெரிஞ்சிகினு கீமோ வேணான்றாங்களோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அக்காவோ, "எனக்கு மட்டும் ஏன் இத்தனை?" என்றும், "உனக்கு முத்திப்போச்சுன்னு அர்த்தமா?" என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்களே என்றும் கலங்கிக்கொண்டிருந்தாள். ஒரே வியாதி, ஒரே பெஞ்ச், இரண்டு விதமான பயம். இரண்டு பேருக்கும் சொல்லப்பட்ட சிகிச்சை சரியானதுதான்.

எப்படி என்பதற்கு ஒரு கணக்கு. இப்போதைய கீமோ மருந்துகள் பொதுவாக, நோயால் இறக்கும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு என்றதும் பெரிதாகத் தோன்றும். ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு வகைப் பெண்களில் 100 பேரில் 30 பேருக்கு அந்த ஆபத்து இருக்கிறது. கீமோ அதை 20 ஆக்கும், 10 பேர் பிழைப்பார்கள். இன்னொரு வகையில் 100 பேரில் 6 பேருக்குத்தான் ஆபத்து என்றால் அது 4 ஆகும். 2 பேருக்காக 100 பேரும் முடி கொட்டி, வாந்தி எடுத்து, ரத்த அணு குறைந்து, சிலர் கைகால் மரத்துப்போய் அவதிப்பட வேண்டும். மருந்தின் வலிமை இரண்டிலும் ஒன்றேதான். கையில் கிடைக்கும் பலன் வேறு.

அதனால் டாக்டரிடம் "கீமோ நல்லதா கெட்டதா" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. கேட்க வேண்டியது இப்படி: "என்னை மாதிரி ரிப்போர்ட் உள்ள 100 பேருக்கு இந்த மருந்து கொடுத்தால் கூடுதலாக எத்தனை பேர் நன்றாக இருப்பார்கள்?" எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரிட்டனில் உருவான 'பிரெடிக்ட்' என்ற இலவசக் கணிப்பான் ஒன்று இருக்கிறது. வயது, கட்டியின் அளவு, நெறிக்கட்டி எண்ணிக்கை எல்லாம் போட்டால் ஒவ்வொரு சிகிச்சையும் 100 பேரில் எத்தனை பேருக்கு உதவும் என்று தோராயமாகக் காட்டும். அது அந்நாட்டுப் பெண்களின் கணக்கை வைத்துச் செய்தது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய எல்லாமே அந்த இரண்டு பக்க ரிப்போர்ட்டில் இருக்கின்றன. அக்காவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்கிறேன். வயது 49, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. கட்டி 19 மில்லிமீட்டர். கிரேடு 2, அதாவது செல்கள் ரொம்ப சாதுவும் இல்லை, ரொம்ப மூர்க்கமும் இல்லை. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. அக்குளில் எடுத்த 14 நெறிக்கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது, 1/14 என்று போட்டிருந்தது. ஆம்பூர் அம்மாவுக்கு 12 மில்லிமீட்டர், கிரேடு 1, நெறிக்கட்டி எதிலும் இல்லை. இதற்கு மேல் முக்கியமான மூன்று பெயர்கள்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் அந்தக் கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிறதா என்று சொல்பவை. இருந்தால் நல்லது, மாத்திரையால் அதைப் பட்டினி போடலாம். ஹெர்-2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். அளவுக்கு மேல் இருந்தால் நோய் வேகமாகப் போகும், ஆனால் அதற்கென்றே ஊசி இருக்கிறது. மூன்றும் இல்லாததை டிரிப்பிள் நெகட்டிவ் என்கிறார்கள். அதற்கு மாத்திரை உதவாது, கீமோதான் முக்கிய ஆயுதம்.

ஹெர்-2வுக்கு 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் இருக்கிறது, 0, 1+ என்றால் அந்த ஊசிக்கு இடமில்லை. 2+ வந்தால் ரெண்டுங்கெட்டான் நிலை. 'ஃபிஷ்' என்ற இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் தெரியும். அக்காவுக்கு 2+.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அக்காவின் கட்டியை முதலில் பார்த்த இடத்தில் சாதாரணக் கட்டி என்று நினைத்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எதுவும் செய்யாமல் நேரே வெட்டி எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்த பிறகுதான் அக்குள் நெறிக்கட்டிகளுக்கு இரண்டாவது ஆபரேஷன். அந்த முதல் ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., ஹெர்-2 எதுவுமே இல்லை. கட்டியே போய்விட்டதே, இனி எதில் டெஸ்ட் செய்வது என்று நாங்கள் பதறினோம். மெழுகு பிளாக்கை வாங்கி வாருங்கள் என்றார் இங்குள்ள டாக்டர். எடுத்த சதையின் துண்டுகளை மெழுகில் பதித்து லேபிலேயே வைத்திருப்பார்கள். கேட்டால் நோயாளிக்குக் கொடுப்பார்கள். நான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் விரல் நகமளவு பழுப்பு. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊரிலிருந்து அப்படி நாலு பெட்டிகளை ஜிப் கவரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலூர் வந்தேன். வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று வழி முழுக்கக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே வந்தேன். அந்த மெழுகில்தான் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் இருப்பது தெரிந்தது, ஹெர்-2 2+ என்பதும் தெரிந்தது. ஃபிஷ் டெஸ்டில் ஹெர்-2 இல்லை என்று முடிவானது.

எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தாலும் அந்த பிளாக்கும், சதையை வைத்துப் பார்த்த கண்ணாடிச் சில்லுகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்தி வைப்பதற்கு முன் ஊசி பயாப்ஸியில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றையும் பார்ப்பதுதான் சரியான முறை. ஹெர்-2 உள்ளவர்களுக்கும் டிரிப்பிள் நெகட்டிவ் உள்ளவர்களுக்கும் கட்டி சற்றுப் பெரிதாக இருந்தால் கீமோவை முதலில் கொடுத்துவிட்டு ஆபரேஷனைப் பிறகு வைத்துக்கொள்கிறார்கள். மருந்துக்குக் கட்டி கரைகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அவசரப்பட்டு வெட்டிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

ஃபிஷ் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இதற்குள் பரவிடுமே என்ற பயம். பொதுவாக ஆபரேஷன் முடிந்து நாலு முதல் ஆறு வாரத்தில் கீமோ தொடங்குவார்கள். புண் ஆற அந்த நேரம் எப்படியும் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் பலன் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது யோசிக்கவும், இன்னொரு டாக்டரிடம் கேட்கவும், பணத்துக்கு வழி பார்க்கவும் சில வாரங்கள் இருக்கின்றன. நாட்டு மருந்தைக் குடித்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு வருஷம் போகத்தான் நேரமில்லை.

இப்போதெல்லாம் கட்டியின் மரபணுக்களைப் பார்த்து கீமோ வேண்டுமா என்று சொல்லும் டெஸ்ட் ஒன்றைப் பற்றி யாராவது சொல்வார்கள். ஆங்கோடைப் என்பது அதில் பேர்போனது. மாதிரி அமெரிக்காவுக்குப் போகும், செலவு லட்சக்கணக்கில். பெங்களூரில் உருவாக்கப்பட்ட கேன்அசிஸ்ட் என்பதும் இருக்கிறது, செலவு குறைவு. ஹார்மோன் உள்ள, ஹெர்-2 இல்லாத கட்டிகளுக்குத்தான் இவை. 10,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018இல் வந்தது. நெறிக்கட்டியில் நோய் இல்லாமல், 50 வயதைத் தாண்டி, ஆங்கோடைப் டெஸ்டில் மதிப்பெண் 25 வரை உள்ளவர்களுக்கு கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்றது அது. நிறையப் பெண்களை கீமோவிலிருந்து காப்பாற்றிய முடிவு. ஆனால் அக்காவின் டாக்டர் அவளுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம் என்றார். ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டி வரை நோய் உள்ள, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மதிப்பெண் குறைவாக வந்தாலும் கீமோ உதவுகிறது என்று 2021இல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்கோ உதவவில்லை. ரிசல்ட் எதுவானாலும் முடிவு மாறாது என்றால் அந்தப் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? எந்தப் பெரிய டெஸ்ட்டுக்கும் முன் இதைக் கேட்டுவிடலாம்: "இது எப்படி வந்தால் என்ன மாறும்?"

கீமோவைப் பற்றி ரொம்ப எழுதப்போவதில்லை, பயமுறுத்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு முறை சிவப்பு மருந்து, பிறகு வாரத்துக்கு ஒன்றாக 12 ஊசி. சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முடி தலையணையில் கொத்தாக வந்தது. மாமாவே ஷேவிங் மிஷின் வாங்கி வந்து மழித்துவிட்டார். எலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் கொத்சு அவளுக்கு உயிர். அந்த மாதங்களில் அது மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். இவையெல்லாம் திரும்பி வரும். உயிர் போனால் திரும்பி வராது, அதனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளை அணு குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியும் உயிரை எடுக்கும். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் நம்பரும் முதல் ஊசிக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

ஹெர்-2 உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி. வழக்கமாக ஒரு வருஷம், மூன்று வாரத்துக்கு ஒன்று. இடையிடையே இதயத்துக்கு எக்கோ பார்ப்பார்கள். இந்த மருந்து முதலில் வந்தபோது நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலை. இந்தியக் கம்பெனிகள் 2014 முதல் அதே வகை மருந்தைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு குறைந்திருக்கிறது. ஆனாலும் பெரிய தொகைதான். ஆறு மாதம் கொடுத்தாலும் ஒரு வருஷத்துக்கு நெருங்கிய பலன் கிடைக்கிறது என்று 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. நாலு வருஷத்தில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் 89.4 சதவீதம், 89.8 சதவீதம். முழு வருஷத்துக்கும் பணம் கட்ட முடியாது என்பதற்காக ஊசியே வேண்டாம் என்று போகிறவர்கள், போவதற்கு முன் இதை டாக்டரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

பணம் என்றதும் இன்னொன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடங்கும். எந்த ஆஸ்பத்திரியில், எந்த மருந்து வரை என்பதை முதல் ஊசிக்கு முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டுவிட வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. சென்னை போகும் வழியில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பாதியில் பணம் தீர்ந்து சிகிச்சையை விடுவதைவிட, முழுசாக முடிக்க முடிந்த இடத்தில் தொடங்குவது எவ்வளவோ மேல்.

கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய எல்லாருக்கும் இது உண்டு. பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2011இல் வெளியிட்ட கணக்கில், கரண்ட் வைக்காதவர்களில் 10 வருஷத்துக்குள் 100க்கு 35 பேருக்கு நோய் எங்காவது திரும்பியது. வைத்தவர்களில் 19 பேருக்கு. முன்பு 25 நாள், ஐந்து வாரம் வர வேண்டும். இப்போது 15 நாளில் முடிக்கிறார்கள். சிலருக்கு ஐந்தே நாளில், ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று 2020இல் ஒரு ஆய்வு சொன்னது. எங்களூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண்ணுக்கு 25 நாளுக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை நாள் என்பதைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கரண்ட்டுக்குப் பயந்து "மொத்தமா எடுத்துடுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம், தப்பில்லை. ஆனால் நெறிக்கட்டியில் நோய் இருந்தால் மார்பகத்தை முழுசாக எடுத்தாலும் கரண்ட் வேண்டியிருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

கரண்ட் வைக்கும் மேஜையில் படுக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தவர்களால் அது முடியாது. அக்கா சுவரோரம் நின்று விரல்களால் மெதுவாக மேலே நடப்பாள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் ஏணி மாதிரி ஏறின. நெஞ்சில் குறி போட்டு அனுப்புவார்கள், அது அழியக் கூடாது. வேலூரில் மே மாத வெயில், 40 டிகிரிக்கு மேல். வியர்வையில் மை கரைகிறது. முதுகிலும் கழுத்திலும் மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, தளர்ந்த பருத்தி ஜாக்கெட்டோடு, ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தே 15 நாளைக் கழித்தாள்.

ஆம்பூர் அம்மாவுக்கு டாக்டர் இதில் ஒரு வழி திறந்துவிட்டார். 65 வயதுக்கு மேல், சின்னக் கட்டி, ஹார்மோன் உள்ளது, நெறிக்கட்டியில் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன் என்றால் கரண்ட்டைத் தவிர்க்கலாம். 2023இல் வெளியான ஆய்வில் 10 வருஷத்தில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, கரண்ட் வைத்தவர்களில் 100க்கு ஒருவருக்கு, வைக்காதவர்களில் 9 அல்லது 10 பேருக்கு. ஆனால் உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை. இரண்டுமே சரி, எது வேண்டும் என்று அவரையே கேட்டார்கள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாத்திர மறந்துடுவேன் டாக்டர், கரண்ட்டும் வெச்சிடுங்க" என்றார். அவரை அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அக்காவுக்கு அப்படி நடக்கவில்லை. முதல் நாள் டாக்டரோடு பேசியது மாமாவும் பையனும்தான். "அம்மாவுக்கு ரொம்ப சொல்ல வேணாம், பயந்துடுவாங்க" என்று அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். பாசம்தான், வேறெதுவும் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் அப்படி ஒரு கதவு ஏற்கெனவே ஒருமுறை மூடியிருக்கிறது. 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக, அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரிடம் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க அழைத்தார்கள். அவர் டாக்டர் இல்லை, அவருடைய அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கி, 1902இல் பெண்களுக்கென மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்து வேலூரின் சி.எம்.சி. மருத்துவமனை ஆனது. அந்த மூன்று பெண்களையும் அன்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை போனபோது அக்காவே உள்ளே போய் உட்கார்ந்தாள். நோட்டில் நாலு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தாள். கீமோவால் எனக்கு எவ்வளவு பலன், சிவப்பு மருந்து இல்லாமல் முடியுமா, தறி வேலைக்கு எப்போது போகலாம், மாதவிடாய் நின்றுவிடுமா. டாக்டர் ஒரு காகிதத்தில் 100 புள்ளி வைத்து, பேனாவால் சுழித்துக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "சரி, போட்டுக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஊசிகூடத் தவறவில்லை. பயந்துவிடுவாள் என்று நாங்கள்தான் பயந்தோம்.

கடைசியாக மாத்திரை. ஹார்மோன் உள்ள கட்டிகளுக்கு, எல்லாச் சிகிச்சையிலும் பேச்சே அடிபடாத இந்தச் சின்ன மாத்திரைதான் பெரிய காரியம் செய்கிறது. டமாக்ஸிஃபென் ஐந்து வருஷம் போட்டால் முதல் ஐந்து வருஷத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகிறது. 15 வருஷக் கணக்கில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். விலை குறைவு என்பதாலேயோ என்னவோ, கீமோவைப் பல்லைக் கடித்து முடித்த பெண்கள் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று உடம்பு கொதிப்பது, ராத்திரி வியர்வை, வெள்ளைப்படுதல் இருக்கும். அபூர்வமாகக் காலில் ரத்தக் கட்டியும், வயதானவர்களுக்குக் கருப்பையில் புற்றும் வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால் உடனே காட்ட வேண்டும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால், வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை மாத்திரை கொடுப்பார்கள். அதில் மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும் தொல்லை. ஆம்பூர் அம்மா இப்போதும் போனில் அக்காவிடம் முழங்காலைப் பற்றித்தான் பேசுகிறார். தொல்லை தாங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து, ஏனென்றால் இந்த வகை நோய் 15, 20 வருஷம் கழித்தும் திரும்பக்கூடியது.

அக்கா இப்போது நாலாவது வருஷத்தில் இருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). தறிக்கும் போகிறாள். அடுத்த வருஷம் ஐந்து முடியும்போது நிறுத்துவதா, பத்து வரை தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்தோடு நிறுத்தியவர்களில் அதற்கடுத்த 10 வருஷத்தில் 100க்கு 15 பேர் இந்த நோயால் இறந்தார்கள், பத்து வரை தொடர்ந்தவர்களில் 12 பேர் என்று 2013இல் வந்த அட்லஸ் ஆய்வு சொல்கிறது. மூன்று பேர் வித்தியாசத்துக்கு இன்னும் ஐந்து வருஷ வியர்வை வேண்டுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் கேட்க இப்போதே எழுதி வைத்திருக்கிறாள், ட்யூபில் வந்த நீரின் அளவை எழுதிய அதே நோட்டில்.